ஊசி உம்மாவின் வீட்டில் தூங்கியவர்கள்

அந்த வீட்டு வேலிக்குள் ஒரு கொய்யா மரம் நின்றது. அதன் அடியில் எப்போதும் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பிக் கிடக்கும். மாட்டுக்குப் போடுவதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த வீட்டில் மாடு கிடையாது, கோழியும் கிடையாது. பழம் உதிரும்போது தொப்பென்று சத்தம் வரக்கூடாது, உள்ளே படுத்திருக்கிற ஆள் முழித்துவிடக் கூடாது, அதற்காகத்தான் வைக்கோல். இது எனக்கு விளங்க மூன்று தடவை அங்கே போய்வர வேண்டியிருந்தது.

கண்டிச் சீமை முழுக்கக் கோப்பியாக இருந்த காலம் அது. தேயிலை என்ற பேர் எங்கள் காதில் விழுந்திருக்கவில்லை. அம்பிட்டியவுக்கு மேலே மலையில் நாங்கள் கூலிவேலை பார்த்த தோட்டம். தோட்டம் முடிகிற இடத்தில், பாதையோரமாக, தோட்டத்துக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலத்தில் அந்த ஓலை வீடு. முன்பிருந்த பெரிய துரைக்கு இடுப்புவலி குறைந்தது அந்த வீட்டு அம்மாவின் கையால்தானாம். அந்த நன்றிக்கு, இருந்துகொள் என்று வாய்ச்சொல்லாக இடம் கொடுத்திருந்தார்.

நாங்கள் அவரை ஊசி உம்மா என்போம். சொந்தப் பேர் நாங்கள் குடியிருந்த கூலி லயத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. பிறந்தது பினாங்கில். தகப்பன் சீனர், ஊசி வைத்தியக்காரர். மலாய்ப் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவரைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்து, அவர் மௌத்தாகி அடக்கம் செய்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். ஆள் சின்ன உருவம். சாரமும் முழங்கால் வரை நீண்ட வெள்ளைச் சட்டையும். நடந்தால் பூனை நடப்பது போல இருக்கும். பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வந்தது தெரியும்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயதிருக்கும். பழக் காலத்தில் கோப்பிப் பழச் சாக்கைத் தலையில் வைத்து, வலது கையால் தூக்கிப் பிடித்தபடி மலைச்சரிவில் இறங்கி, தோல் உரிக்கிற யந்திரம் ஓடுகிற கொட்டிலில் கொண்டுபோய்க் கொட்டுவோம். நாளைக்கு ரெண்டு நடை, சில நாள் மூணு. அப்படியே நாலு வருஷம் போனதில் வலது தோளிலிருந்து பிடரி வரைக்கும் கயிற்றை முறுக்கிக் கட்டினாற்போல ஆகிவிட்டது. தைலம் தேய்த்தோம், உப்பு ஒத்தடம் கொடுத்தோம், மந்திரித்த கயிறு கட்டினோம். கடைசியில் கை தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. காலையில் என் வீட்டுக்காரர்தான் எனக்குத் தலை வாரிக் கொண்டை போட்டுவிடுவார். அவர் வண்டிக்காரர், மாட்டுக்குக் கயிறு கட்டுகிற முடிச்சைத்தான் என் தலையிலும் போடுவார். லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

உம்மா என்னைப் பாயில் படுக்கச் சொன்னார். நான் இடது கையால் தோளைத் தொட்டுக் காட்டப் போனேன்.

"காட்டாதே. நான் தேடுறேன்."

விரல்கள் என் உடம்பில் நடந்தன. தோளுக்குப் போகவே இல்லை. கணுக்காலுக்கு வெளிப்பக்கம் ஓரிடத்தில் நின்று அமுக்கின. அங்கே அப்படி ஒரு வலி இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

"உம்மா, வலி மேலங்க."

"வலி மேல. வாசல் கீழ. பேசாதே."

மூங்கில் குழாயிலிருந்து ஊசிகளை எடுத்தார். தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். விளக்குச் சுடரில் காட்டிக் காட்டி ஒவ்வொன்றாக வைத்தார். எறும்பு கடித்தது போல ஒரு கடி. பிறகு கடி போய், தண்ணீருக்குள் கல் இறங்குவது போல ஒரு கனம் மெல்ல மெல்லக் கீழே போனது. ஏதோ காய்ந்த இலையைச் சுருட்டிக் கொளுத்தி ஊசிகளின் தலைக்குப் பக்கத்தில் பிடித்தார். மாசிப்பத்திரி போல ஒரு வாசம். அந்தப் புகை கூரை ஓலைக்குள் நுழைந்து மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்தது புகையா, பனியா, கடல் தாண்டி எங்கள் சீமையில் என் அம்மா உலர்த்துகிற வெள்ளைச் சேலையா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

கண் விழித்தபோது, நிலைப்படியில் கிடந்த வெயில் சுவரில் ஏறியிருந்தது. ஊசிகள் எடுத்தாகிவிட்டது. வெளியே வீட்டுக்காரர் பாறை போல உட்கார்ந்திருந்தார்.

"எத்தன தடவ கேட்டேன், எழுப்பி விடுங்கன்னு. ஒதட்டுல வெரல வெச்சு வெச்சு என்னைய வேலிக்கு அந்தப் பக்கமே தள்ளிட்டாங்க" என்றார்.

அன்றைக்கே கை எழும்பிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஒரு சாண் கூடுதலாக எழும்பியது. திங்கட்கிழமை சாக்குத் தூக்கினேன், புதன்கிழமை பழையபடி ஆனது. மறு ஞாயிறு போனேன். இப்படியே போவதும் வருவதுமாக ஒரு மழைக்காலம் கழிந்தது.

"இது போயிருமா உம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாது. இங்க வந்தா தூக்கம் வருதுதானே? தூங்குறப்ப உடம்பு அதோட வேலைய அது பாக்கும். சுமை தூக்கினா வலி திரும்பி வரும்."

"தூக்காம எப்படி உம்மா சாப்பிடுறது?"

ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொல்வோம் என்ற வழக்கம் அவரிடம் இல்லை. பதில் இல்லாத கேள்வியைக் கேட்டால் இஞ்சி நறுக்கப் போய்விடுவார்.

அந்த வீட்டில் தூங்கியவர்களைப் பற்றி ஊரில் நிறையக் கதை உண்டு. ஊசியில் மருந்து தடவியிருக்கிறது, தூங்குகிறவன் ஆவியைக் கிழவி குழாயில் அடைக்கிறாள் என்றெல்லாம் பேசினார்கள். நான் நேரில் பார்த்தது தெல்தெனிய வண்டிக்காரர் கதை. ஓயாமல் வண்டி ஓட்டி முதுகு கட்டிப்போய், விடிந்ததும் விடியாததுமாக வந்து படுத்தார். வண்டியைப் பாதையில் நிறுத்தி, மாட்டை அவிழ்க்காமலே வந்துவிட்டார். மாடுகள் கொஞ்ச நேரம் பார்த்தன. பிறகு, நேரமாகிவிட்டது என்று அவையே முடிவு பண்ணி, வண்டியை இழுத்துக்கொண்டு வழக்கமான வழியில் ஆற்றுத் துறைக்குப் போய், தோணிக்காக வரிசையில் நின்றுவிட்டன. வண்டி வந்திருக்கிறது, ஆளைக் காணோம். வழியில் எங்கேயோ விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார் என்று துறையில் பேச்சாகி, தெல்தெனியவுக்குத் தகவல் போய்விட்டது. வெயில் சாய்கிற நேரத்தில் அவர் பெண்சாதி வழியெல்லாம் விசாரித்தபடி தலைவிரிகோலமாக, "என்ட மனுசன்… என்ட மனுசன்…" என்று கதறிக்கொண்டு வேலிக்குள் ஓடி வந்தார்.

உம்மா அவர் வாயைப் பொத்தி, உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மனுசன் கன்னத்தில் கை வைத்து, குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பக்கத்தில் குந்தி, சத்தமில்லாமல் அழுது முடித்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனார். ஓடி வந்த களைப்பு. உம்மா ஒரு போர்வையை எடுத்து அவர் மேல் போட்டார்.

யாரையும் எழுப்பமாட்டேன் என்று எதற்காக இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். இஞ்சி நறுக்கப் போவார் என்று நினைத்தேன், போகவில்லை.

"என் ஆள் பட்டாளத்துல இருந்தாரு. ஒவ்வொரு விடியலுக்கும் கொம்பு ஊதுவாங்க. பென்சன்ல வந்த பொறகும் அந்த நேரத்துக்குத் துள்ளி எழும்பி இடுப்புப் பட்டியத் தேடுவாரு. அப்பறம் வெறுஞ்சட்டையோட உக்காந்து வெளியவே பாத்துக்கிட்டிருப்பாரு. ஒருநாள் எழும்பல. எனக்கு அவ்வளவு சந்தோசம். பகல் வரைக்கும் பக்கத்துல இருந்து ஈ ஓட்டினேன்."

மூங்கில் குழாயை மூடி வைத்தார்.

"ஈ தான் எனக்குச் சொல்லிச்சு, மகள்."

அதற்குப் பிறகு நான் அதைக் கேட்கவில்லை.

எங்கள் கங்காணியும் அந்தப் பாயில் படுத்தவர்தான். அகலமான ஆள், பெருங்குரல். இடுப்பு பிடித்துக்கொண்டு வந்து படுத்து, பாதையில் போகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரிக் குறட்டை விட்டு, மறுநாள் காலைப் பெரட்டுக்குப் பிந்திப் போனார். ஆளைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்க வேண்டிய கங்காணியே பெரட்டுக்கு வரவில்லை. அவர் மூச்சு வாங்க ஓடி வந்ததைப் பார்த்து வரிசையில் நின்ற நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தோம்.

பிறகு கோப்பிக்கு இலைநோய் வந்தது. இலையின் அடியில் மஞ்சள் பொடி பூத்து, தொட்டால் விரலில் ஒட்டும். வருஷா வருஷம் பழம் குறைந்தது. பெரிய துரை போய் ஒரு இளம் துரை வந்தார். குறைந்த பழத்துக்கு எங்கள் சோம்பல்தான் காரணம் என்பது போல எங்களைப் பார்த்தார். வேலை நாளில் ஊசி வீட்டுப் பக்கம் போனவள் பேரைக் கணக்கிலிருந்து வெட்டி, லயத்தை விட்டே அனுப்பிவிடுவேன் என்று பெரட்டில் சொன்னார். கங்காணி அதைத் தமிழில் உரக்கச் சொன்னார்.

அந்த வாரம் என் கை வெந்நீரில் முக்கியது போல எரிந்தது. வீட்டுக்காரர் தோட்டத்து வண்டியோடு தெல்தெனியவுக்குப் போயிருந்தார். பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, மலைக்குப் போகிற வரிசையிலிருந்து நழுவிக் கீழே இறங்கிவிட்டேன். தூறலில் நனைந்த, தோட்டத்தில் கொடுத்த கம்பளியை உம்மாவின் வேலியில் காயப்போட்டுவிட்டுப் படுத்தேன்.

கனவில் மழை பெய்தது. தகரத்தில் பெய்கிற மாதிரி, தொம் தொம்மென்று. அது குதிரைக் குளம்பு என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். என் வாழ்க்கையில் என்னைப் பற்றி நடந்த பெரிய காரியம் நான் தூங்கும்போது நடந்தது. பாதைக்கு மேலே புல் அறுத்துக்கொண்டிருந்த ஒருத்தி தூரத்திலிருந்து பார்த்ததைச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

துரை குதிரையில் பாதையில் நின்றாராம். கங்காணி வீட்டுக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, கைகட்டி ஏதோ சொன்னாராம். உடனே துரை வேலியில் கிடந்த கம்பளியைப் பார்த்தாராம். குதிரையை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தார். உம்மா வாசலை மறித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். துரை கத்தினார். உம்மா தலையை ஆட்டி, மெல்லப் பேசு என்பது போலக் கையைத் தாழ்த்திக் காட்டினார். ஒரு துரைக்கு! புல்லறுத்தவள் பயத்தில் அரிவாளைக் கீழே போட்டுவிட்டாளாம். துரை முகம் சிவந்து அப்படியே நின்றார். அந்தச் சின்னக் கிழவியை மிதித்துத் தாண்டிப் போக அவருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. திரும்பிப் போனார்.

நான் எழுந்தபோது பேர் வெட்டியாகிவிட்டது. மறுநாள் காலை கங்காணி நாலு ஆட்களோடு வந்து, ஓலையைப் பிரித்து, கம்பைப் பிடுங்கி, உம்மாவின் வீட்டைத் தரையாக்கினார். என்னைக் காட்டிக் கொடுத்தவரும் அவர், வீட்டைப் பிரித்தவரும் அவர். நானும், இரவு திரும்பி வந்திருந்த வீட்டுக்காரரும் மூட்டையோடு பாதையில் நின்று பார்த்தோம். உம்மா குப்பைக்குள் குனிந்து தன் மூங்கில் குழாயைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏன் உம்மா என்னைய எழுப்பல?" என்று அழுதேன். "எழுப்பியிருந்தா இந்த வீடு நின்னிருக்குமே."

"எழுப்பினா நீ ஓடியிருப்பே" என்றார். "அந்தக் கையோட."

என் வீட்டுக்காரருக்கு உம்மா மேல் வெகுநாள் கோபம் இருந்தது. நாங்கள் கண்டி டவுனுக்கு வந்தோம். வீட்டுக்காரர் ஒரு கடைக்காரருக்கு வண்டி ஓட்டினார். நான் சந்தைப் பக்கம் அப்பம் சுட்டு விற்றேன். சாக்கு இல்லை, மலை இல்லை. ஒரு வருஷம் கழித்து, ஒரு காலையில் தலை வாரிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், வலது கை பிடரிக்குப் பின்னால் போயிருந்தது. ஓடிப்போய் உம்மாவிடம் காட்டினேன். "ஊசியா உம்மா, சுமைய விட்டதாலயா?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார். ஆனால் அந்தக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கச் சொன்னார்.

அவரும் அப்போது டவுனில்தான் இருந்தார். ஒரு முஸ்லிம் வியாபாரி தன் வீட்டுப் பின்னறையைக் கொடுத்திருந்தார். சந்தின் இரைச்சலை அடைக்க ஜன்னலில் கோப்பிச் சாக்கை மடித்து மடித்துத் தொங்கவிட்டிருந்தார். அந்த இருட்டில் எத்தனையோ பேர் தூங்கி எழுந்தார்கள். சிலர் குணமானார்கள், சிலர் ஆகவில்லை. பிற்காலத்தில் கை நடுங்கத் தொடங்கியதும் ஊசியை விட்டுவிட்டார். அவர் புருஷனின் சொந்தக்காரர்கள் வந்து கொழும்பில் கொம்பனித்தெருவுக்குக் கூட்டிப் போனார்கள். ரயிலடி வரைக்கும் போனேன். ரெண்டு வருஷம் கழித்து மௌத்துச் செய்தி வந்தது.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு ரயிலடி நினைவுக்கு வருவதில்லை. அதற்கு முன்னால், அந்தப் பின்னறையில் நடந்த ஒரு பகல்தான் வருகிறது.

நாங்கள் டவுனுக்கு வந்து ஆறு வருஷமாகியிருந்தது. தோட்டத்தில் கோப்பி செத்து, மரங்களைப் பிடுங்கி அடுக்கியிருந்தார்கள். அன்று நான் உம்மாவுக்கு அப்பம் கொண்டு போயிருந்தேன். தடியூன்றி, பாதியாய் மடங்கி ஒரு கிழவர் உள்ளே வந்தார். குரலைக் கேட்டுத்தான் தெரிந்தது, கங்காணி. அவருக்கு என்னைத் தெரியவில்லை. கண் அவ்வளவு மங்கியிருந்தது. உம்மா ஒரு வார்த்தை கேட்காமல் அவரைப் படுக்க வைத்து, ஊசி வைத்து, அவர் தூங்கியதும் எடுத்து, கை கழுவப் பின்பக்கம் போனார்.

நான் அவரோடு தனியாக இருந்தேன். வாயைத் திறந்து தூங்கினார். எங்கள் லயத்து அறை, தரையில் கிடந்த ஓலை, குப்பைக்குள் குனிந்த உம்மா, எல்லாம் நெஞ்சுக்குள் வந்தது. இவ்வளவையும் செய்துவிட்டு இப்படித் தூங்குகிறாரே என்று இருந்தது. அவர் காதோரம் குனிந்து, பெரட்டில் அவர் கத்துவது போலவே கத்தினேன்.

"எந்திரி! பெரட்டு! தொரை வந்தாச்சு!"

தூக்கிப் போட்டது போல எழுந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் தூக்கத்துக்குள்தான் இருந்தார். கை ரெண்டும் தானாகக் கட்டிக்கொண்டன.

"இல்லீங்க தொரை… உள்ள யாருமே இல்லீங்க. கெழவி மட்டுந்தாங்க. அந்தக் கம்பளி எம் பொஞ்சாதியோடதுங்க…"

பின்வாசலில் உம்மா ஈரக் கையோடு நின்றார்.

"அன்னிக்கும் இதேதான் சொன்னான்" என்றார். "துரை நம்பல. பொய் சொன்ன வாயிக்கு, நீயே போய் வீட்டப் பிரின்னு சொல்லிட்டாரு."

"நீங்க ஏன் உம்மா எங்கிட்டச் சொல்லல?"

"அவன் பேர எடுத்தாலே நீ எழும்பிப் போயிருவியே மகள்."

கங்காணிக்கு இப்போது தெளிந்துவிட்டது. என் குரலையும் அடையாளம் கண்டுகொண்டார். "விடுங்கம்மா. அது பழைய கத" என்று தடியைத் தேடி எழப் பார்த்தார். இடுப்பு விடவில்லை. துள்ளி எழுந்ததில் பிடிப்பு முன்னைவிட மோசமாகியிருந்தது. அது நான் செய்தது.

"மன்னிச்சிருங்க கங்காணி" என்றேன்.

உம்மா என்னைத் திட்டியிருக்கலாம். வெளியே போ என்று சொல்லியிருக்கலாம். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று முகத்தில் கொஞ்சம் தெரிந்தது.

"எழுப்பினது நீ. நீயே தூங்க வை" என்றார்.

"எனக்கு ஊசி தெரியாதே."

"ஊசி யாரு கேட்டா?"

சொல்லிவிட்டுப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

கங்காணியைச் சரித்துப் படுக்க வைத்தேன். சாக்குத் திரையை இழுத்துவிட்டேன். அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். பிறகு கேட்டேன்.

"கோப்பி பூக்குற நாளு ஞாபகம் இருக்குங்களா?"

"ம்" என்றார்.

மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். காய்ந்த காலத்தில் ஒரு மழை விழும். எட்டு ஒன்பது நாள் ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரு விடியலில் லயத்துக் கதவைத் திறந்தால் மலை வெள்ளையாக இருக்கும். கொப்புக் கொப்பாக, இலை தெரியாமல். பிச்சிப்பூ வாசம் லயத்துக்குள்ளே வரும், அடுப்புப் புகையைக் கூட அமுக்கிவிடும்.

"ம்."

தேனீ வருகிற சத்தம் தூரத்தில் ஆறு ஓடுவது போலக் கேட்கும். பூ உதிர்ந்துவிடும் என்று எங்களை மலைக்குள் விடமாட்டீர்கள். கூட்டுகிற வேலை, ஓலை மாற்றுகிற வேலை கொடுப்பீர்கள். பிள்ளைகள் மலை ஓரமாக நின்று வாயைத் திறந்து பார்க்கும்.

"…ம்."

ரெண்டாம் நாள் இன்னும் வெள்ளை. பனி எது, பூ எது என்று தெரியாது. மலையே மிதக்கிற மாதிரி இருக்கும்.

பதில் வரவில்லை. மூச்சு நீண்டு, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் ஓரம் பழுப்பாகிப் பூ உதிர்வதையும், வேர்களுக்கு மேலே அது மெத்தை போலக் கிடப்பதையும், அதன் மேல் நாங்கள் செருப்பில்லாத காலோடு மலைக்குள் நுழைவதையும் கடைசி வரைக்கும் சொல்லி முடித்தேன்.

உம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நிலைப்படியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் சத்தம் வராமல் எழுந்து போய், அவர் விட்ட இடத்தில் உட்கார்ந்தேன்.